புஷ்பக்கனி நடித்த படம்

உப்போடைக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தபோது அதில் நடித்திருந்த புஷ்பக்கனி செத்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது, ஆனாலும் வெற்றிவேல் டாக்கீஸ் சுவரில் போஸ்டர் ஒட்டிய அன்றைக்கு ஊர்ச்சனம் கல்யாண வீட்டுக்குக் கிளம்புவதுபோலத் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்லதை எடுத்து உடுத்தி, உப்பளத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மத்தியான வெயிலில் டாக்கீஸ் வாசலில் வந்து குவிந்தது. போஸ்டரில் அவள் முகம் இல்லை. கதாநாயகனின் முழங்கைக்குக் கீழே ஒரு தாவணியின் நுனி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அது புஷ்பக்கனியின் தாவணிதான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கக் கதவில் நின்றுகொண்டிருந்த சந்தனமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சந்தனமாரி புஷ்பக்கனியின் அம்மா. அந்த டாக்கீஸில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பதும், படம் தொடங்கியதும் வாசலில் கறுப்புத் திரையை இழுத்து விடுவதும், முடிந்ததும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து சனத்தை வெளியே விடுவதும் அவள் வேலை. புருஷன் சிலோனுக்குப் போனவன் போனவன்தான். புஷ்பக்கனி தவழ்ந்த காலத்திலிருந்து அவள் அந்தக் கதவில் நிற்கிறாள், அதனால் உப்போடைச் சனம் எந்தப் படத்தைப் பற்றி என்ன சொன்னது என்பதெல்லாம் அவள் காதைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கிறது. பாட்டெல்லாம் சரி, கதைதான் நொண்டுது என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கதாநாயகி சோறு கண்டே மாசக்கணக்காச்சு போல என்பார்கள். அழுது அழுது முந்தானை பிழியும்படி ஆகிப்போச்சு, ரொம்ப நல்ல படம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்வார்கள். உனக்குப் படம் எப்படி இருந்துச்சு சந்தனமாரி என்று யாராவது கேட்டால், கதவு திறக்கிறவளுக்கு என்ன தெரியும், நான் முழுசா ஒரு படம் உட்கார்ந்து பார்த்தேனா என்ன, என்று சிரித்து வைப்பாள். அது பொய்யில்லை. எல்லாப் படத்தையும் அவள் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தாள், ஒன்றின் கல்யாணத்தையும் இன்னொன்றின் சாவையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

முந்தின கோடையில் படக்காரர்கள் உப்பளத்தில் படம் பிடிக்க வந்தார்கள். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து குழாயால் மழை பெய்ய வைத்து, உப்பு வாரும் பெண்பிள்ளைகளையெல்லாம் ஓடச் சொன்னார் டைரக்டர். மற்றப் பிள்ளைகள் முந்தானையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடினார்கள். புஷ்பக்கனி மட்டும் தென்னங்கீற்றைத் தூக்கிக்கொண்டு கரையில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தை மூட ஓடினாள், பொய்மழை என்று தெரிந்தும் ஓடினாள், பாதி மூடிய பிறகுதான் அது நினைவுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தாள். கதாநாயகனின் தங்கச்சி வேஷத்துக்கு வேறு யாரையோ பட்டணத்திலிருந்து கூட்டி வந்திருந்த டைரக்டர், அந்தப் பெண்ணை ரயிலேற்றி அனுப்பிவிட்டு இவளை நடிக்க வைத்தார். படத்தில் அண்ணன் ஊரில் இல்லாத நேரம் மழை வரும், தங்கச்சி உப்பை மூட ஓடுவாள், அவள் மேல் இடி விழும்.

நிஜத்தில் அவளுக்கு வந்தது மஞ்சள்காமாலை. ஐப்பசி அடைமழையில் கண்ணும் நகமும் மஞ்சளித்துப்போன மகளைச் சந்தனமாரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மறுநாள் ஓடை உடைத்து ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மகள் செத்து அங்கேயே புதைத்தபோது ஊரிலிருந்து ஒரு ஆளும் வர வழியில்லை. ஆஸ்பத்திரித் தோட்டியும் பேர் தெரியாத ஒரு ஆட்டோக்காரனும்தான் கூட நின்றார்கள், அழத் தெரிந்த பெண் ஒருத்தி இல்லை, தண்ணீர் வடிந்து பஸ் விட்ட அன்றைக்குச் சந்தனமாரி ஒரு மஞ்சள் பையோடு தனியாக வந்து இறங்கினாள். ஊரில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் உப்பு கரைந்துபோன இழவு. ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். பிணம் ஊருக்கு வராத சாவுக்கு எப்படி அழுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை, மறுவாரம் அவள் கதவுக்கு வந்து டிக்கெட் கிழிக்கத் தொடங்கினாள்.

இப்படியிருக்கத்தான் அந்தப் படம் வந்தது. முதல் நாள் மத்தியானக் காட்சியில் இடி விழுந்தபோது கொட்டகைக்குள் எழுந்த சத்தத்தில் கூரைப் புறாக்களெல்லாம் வெளியே பறந்தன. படம் முடிந்து சந்தனமாரி கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வந்தவள் பக்கத்து வீட்டு லூர்தம்மாள். முகமெல்லாம் கண்ணீரும் பவுடருமாக அவள் சந்தனமாரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படிக் கொன்னு போட்டானுவளே, படுபாவியொ! அந்த இடி ரெண்டு பாத்தி தள்ளி விழுந்தா என்ன கொறஞ்சா போயிருவானுவொ? சொல்லு மாரி!"

பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஆண்கள் பக்கக் கதவிலும் அதே பேச்சுத்தான். அன்று சாயங்காலக் காட்சியில் இடி இரண்டு பாத்தி தள்ளி விழுந்தது.

புஷ்பக்கனி வீறிட்டுக் கீழே விழுந்தாள், பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிச்ச அம்பாரத்தையும் மூடி முடித்து, வீட்டுக்குப் போய் ஈரத் தலையைத் துவட்டினாள். தங்கச்சி சாவுக்குப் பிறகு பித்துப் பிடித்து அலைய வேண்டிய கதாநாயகன் அலைவதற்குக் காரணம் இல்லாமல் திண்டாடி, கடைசியில் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வணக்கம் போட்டார்கள்.

இதில் உப்போடைக்காரர்கள் ஆச்சரியப்படவில்லை. மத்தியானம் பார்த்தவர்களும் சாயங்காலம் பார்த்தவர்களும் பரமார்த்தலிங்கத்தின் டீக்கடையில் எந்தப் படம் தேவலை என்று மல்லுக்கட்டினார்கள், அவ்வளவுதான். செத்ததுதான் மனசைப் பிசைஞ்சுது என்றது ஒரு கட்சி. கிளியாட்டம் பிள்ளை, சாகவிட மனசு வருமா என்றது இன்னொரு கட்சி. ஆபரேட்டர் சூசை மட்டும் பெட்டியைத் திறந்து பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிலிமுல செத்துத்தாம்டே கெடக்கா. ஓட்டுனா உசிரோட வாரா. இதுக்கு நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார். டாக்கீஸ் முதலாளி தவமணி, படத்தைக் கொடுத்த கம்பெனிக்கு டிரங்கால் போட்டு மெல்ல விசாரித்தார். மற்ற எல்லா ஊரிலும் அந்தப் பெண் ஒழுங்காகச் செத்துக்கொண்டிருப்பதாக அங்கிருந்து பதில் வந்தது. அவர் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படத்தை இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொள்வதாகக் கடிதம் எழுதிப் போட்டார்.

என்ன சொன்னால் படம் மாறும், என்ன சொன்னால் மாறாது என்பதை ஊர் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தது. படம் பார்க்காதவன் வாசலில் நின்று சொன்னது படத்தில் ஏறவில்லை. பார்த்தவனே ஆனாலும் மனசில் படாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னால் ஏறவில்லை. கட்சிக்காரர் ஒருவர் ஆட்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, அண்ணன் வீட்டுக் கூரையில் எங்க கொடி பறக்கணும் என்று சொல்ல வைத்துப் பார்த்தார். வெறும் கூரையில் காக்காய்தான் உட்கார்ந்தது. கதவைத் தாண்டும்போது நெஞ்சிலிருந்து எது வருகிறதோ அது மட்டும் அடுத்த காட்சியில் நடந்தது, அதனால் உப்போடையில் சனம் படம் பார்க்கிற விதமே மாறிப்போனது. இடைவேளையில் கூட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள், புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் ஜாடையில் கேட்டுக்கொண்டார்கள், கோயிலில் வேண்டுதல் சொல்லத் தெரியாதவர்கள்கூட டாக்கீஸ் கதவில் தெளிவாகச் சொன்னார்கள்.

பெண்களுக்கு முதலில் தோன்றியது கல்யாணம். இத்தனை அழகு பிள்ளையை எத்தனை நாள் அண்ணனுக்குச் சோறாக்க விடுறது என்றார்கள். அவளுக்கு அரக்குப் பட்டில் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை நல்ல உயரமாக வாய்த்தான். அந்தக் காட்சியன்று சந்தனமாரி கதவில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாள், டிக்கெட்டைக் கிழிக்க மறந்து முழுசாகத் திருப்பிக் கொடுத்தாள். திரையை இழுத்துவிட்டு அதன் விளிம்பில் ஒரு கண்ணுக்கு மட்டும் இடம் வைத்துக்கொண்டு பார்த்தாள். தாலி ஏறும்போது மகள் எப்படிக் கழுத்தைக் குனிவாள் என்று அவள் மனசுக்குள் நினைத்துப் பார்த்திருந்த விதமாகவே புஷ்பக்கனி குனிந்தாள்.

பிறகு பிள்ளை. "பொட்டப் பிள்ளையா இருக்கட்டும், அப்பத்தான் ஆத்தாவுக்குத் துணை" என்றாள் லூர்தம்மாள், பொட்டப் பிள்ளையே பிறந்தது. அந்தப் பிள்ளை திரையில் அழும்போதெல்லாம் இருட்டில் கதவோரம் நின்ற சந்தனமாரியின் கை தொட்டில் ஆட்டுவதுபோலத் தானாக ஆடியது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வருவாள். மகள் வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போவாளா என்று சேவு, பொரிகடலை எதையாவது முந்தியில் முடிந்துகொண்டு வருவாள், படம் விட்ட பிறகு அதை எதிரில் வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் உடம்பில் கொஞ்சம் சதை போட்டது. அவள் பாடிக்கொண்டே பாத்திரம் விளக்குவது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் சந்தோஷத்தை எத்தனை காட்சி பார்ப்பது? அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ கொறையுது என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆக்குறா, அரைக்கிறா, பிள்ளையைக் கொஞ்சுறா, நம்ம வீட்டுலயும் இதுதானே என்றார்கள். அந்த வாரம் ஒருநாள் லூர்தம்மாள் கதவைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்:

"எல்லாம் சரி. மாமியாக்காரி இம்புட்டு நல்லவளா இருப்பாளா? நம்பவே முடியல."

சாயங்காலக் காட்சியில் மாமியார் புஷ்பக்கனியின் கன்னத்தில் அறைந்தாள். மழையில் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். கொட்டகையே விம்மியது, பெண்கள் மூக்கைச் சிந்திச் சிந்தி மனசு லேசாகி வெளியே வந்தார்கள், ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நல்ல படம் பார்த்த திருப்தி அவர்கள் முகத்தில் இருந்தது. அதன் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மகன் பம்பாய்க்குப் போய் ஒரு வரி எழுதிப் போடாத பரமார்த்தலிங்கம், இவ புருஷன் இப்படி வீட்டையே சுத்திச் சுத்தி வருவானா, இந்தக் காலத்துல எவன் இருக்கான் என்றார். திரையில் புருஷன் பம்பாய்க்குப் போனான், கடிதம் வரவில்லை. அம்மை போட்டுக் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், பேர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாத வெளியூர்க்காரி, கதவில் சந்தனமாரியின் கையைத் தொட்டு, பிள்ளை பிழைக்கிறது படத்துலதான்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் திரையில் அந்தப் பொட்டப் பிள்ளை செத்தது. சந்தனமாரி திரைச் சீலையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

படம் விட்டதும் கதவைத் திறந்து போட்டது போட்டபடி விட்டுவிட்டு லூர்தம்மாள் வீட்டுக்குப் போனாள். லூர்தம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் லூர்து, எம் பிள்ளை உனக்கு என்ன செஞ்சா? உன் வீட்டுலதானே பாதி நாளு சோறு தின்னு வளந்தா? அவளை அடிக்க வச்சியே, உன் நாக்கு அழுகிராதா?"

லூர்தம்மாள் சுளகைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"மாரி, நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. என் மூத்தவ சகாயராணி வாரம் ஒருக்கா கன்னம் வீங்கி வந்து இந்தத் தூணுலதான் சாஞ்சு உக்காருவா. திரும்பப் போடி, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்னு நான்தான் அனுப்பி வைக்கேன். உன் மககிட்ட அந்த மாமியாக்காரி சிரிச்சுப் பேசுனாளே, அதைப் பாத்ததும் எனக்கு வயித்தெரிச்சலா, என்னன்னு சொல்லத் தெரியல. வாயில வந்துட்டு. படத்துல நடந்தா ஊரே உக்காந்து அழுது, மாரி. நிசத்துல எம் பிள்ளைக்கு அழ ஒரு ஆளு இல்ல."

சந்தனமாரி அவள் எதிரில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த அரிசியைப் பொறுக்கிச் சுளகில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினாள். ஊர் தன் துக்கத்தையெல்லாம் கொண்டுவந்து தன் மகள் தலையில் இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு போவது அவளுக்குத் தெரிந்தது. அடி வாங்கினவள் அடியை, காத்திருந்தவன் காத்திருப்பை, பிள்ளையைக் கொடுத்தவள் அந்தப் பிள்ளையின் சாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புஷ்பக்கனி ஒன்றையும் மறுக்கவில்லை. கேட்ட காட்சியிலெல்லாம் அழுதாள், சொன்ன இடத்திலெல்லாம் விழுந்தாள். ஆனால் அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குடத்தோடு நடக்கும்போது யாரும் கேட்காத இடத்தில் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். ஒருநாள், பெரிய அழுகைக் காட்சி ஒன்றின் நடுவில், அவள் முழங்கையை நகத்தால் பறண்டினாள், மெதுவாக, தூக்கத்தில் செய்வதுபோல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காமாலை அரிப்பில் கடைசி நாளெல்லாம் அப்படித்தான் பறண்டிக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்த்த அன்றைக்குச் சந்தனமாரி ரவிக்கை நனைய வியர்த்துப்போனாள்.

அவள் வீடு வீடாகப் போனாள். டீக்கடைக்குப் போனாள், உப்பளத்துக்குப் போனாள், முதலாளி வீட்டுப் புறவாசலுக்கும் போனாள்.

"ஒரே ஒரு காட்சி, யாரும் ஒன்னும் சொல்லாதிய. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். பிள்ளை ஓஞ்சு போயிருக்கா. கொஞ்சம் இருக்கட்டும்."

மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் மனசில்லை. அன்றைக்கு மத்தியானக் காட்சி முடிந்து கொட்டகையே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. மனசிலும் ஒன்றும் நினைத்துவிடக் கூடாது என்று சிலர் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே போனார்கள், சிலர் வெயிலைப் பற்றி நினைத்தார்கள். தவமணி முதலாளி வாய்க்குள் வெற்றிலையை அடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் திரையில் உப்பளம் மட்டும் தெரிந்தது. புஷ்பக்கனி பாத்தி நடுவில் நின்றாள். பாட்டு இல்லை, அண்ணன் இல்லை, மாமியார் இல்லை, மழை இல்லை. வெயில் அவள் மேலே ஏறி மெல்ல இறங்கியது. யாராவது என்ன செய்யச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருப்பதுபோல அவள் நின்றுகொண்டே இருந்தாள், இடைவேளை வந்து போன பிறகும் நின்றாள், காலை மாற்றி வைக்கக்கூட இல்லை. உப்பு பட்டு அவள் பாதம் வெடித்திருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. பாதிச் சனம் தாங்கமுடியாமல் எழுந்து வந்துவிட்டது, ஆனாலும் சொன்ன சொல்லுக்காக வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அவள் நின்றாள்.

அன்றைக்குப் படம் விட்டதும் டாக்கீஸ் முற்றத்தில் ஊர் கூடியது. நிற்க வைத்தே கொன்னுருவோம் போலிருக்கு, யாராவது ஏதாவது சொல்லித்தான் ஆகணும் என்றார் பரமார்த்தலிங்கம். என்ன சொல்வது, யார் சொல்வது என்று கேள்வி வந்தது. கடைசியில் சூசைதான் மாடிப்படியில் நின்றுகொண்டு சொன்னார்.

"இத்தனை படம் ஓட்டிருக்கேன், இத்தனை பேரு சொன்னதையும் கேட்டிருக்கேன். சந்தனமாரி மட்டும் ஒரு படத்துக்கும் வாயத் திறந்ததில்ல. அவ பெத்த பிள்ளை. அவ சொல்லட்டும்."

"நான் என்னத்த அண்ணே சொல்லுவேன்?" என்றாள் சந்தனமாரி. "பொய் சொன்னா ஏறாது. எம் மனசுல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியும். அவ சாகக் கூடாதுன்னுதான் இருக்கும். அப்படிச் சொன்னா அவ இங்கயே கெடந்து அல்லாடணும்."

"முதல்ல உக்காந்து பாரு. பாத்துட்டு எது வருதோ அதைச் சொல்லு" என்றாள் லூர்தம்மாள். "கதவை நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் மத்தியானம் பெண்கள் பகுதியின் நடுப் பெஞ்சில் சந்தனமாரியை உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையைக் காலியாக விட்டார்கள். லூர்தம்மாள் திரையை இழுத்து விட்டாள். முதல் முறையாக ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சந்தனமாரி பார்த்தாள், அந்தப் படத்தில் அவள் மகள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். பிறந்த நாளிலிருந்து ஒரு நாளும் மகளை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்க்க அவளுக்கு வாய்த்ததில்லை, எப்போதும் வேலைக்கு நடுவில், கதவுக்கு நடுவில்தான் பார்த்திருந்தாள். இப்போது நெற்றியோர மயிரிலிருந்து கால் விரல் வரைக்கும் பார்த்தாள். மூக்கின் மேல் அந்தச் சின்னத் தழும்பு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. பிள்ளையை உட்கார் என்று சொல்லக்கூட முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. வெளியே ஊர் முழுக்க நின்றது. சந்தனமாரி வாசற்படியில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தாள்.

"எனக்கு அவ வேணும்" என்றாள். "எப்படியாச்சும் வேணும். அடி பட்டாலும், ஓஞ்சாலும், நின்னுக்கிட்டே இருந்தாலும் வேணும். பெத்தவளுக்கு வேற எப்படி இருக்கும்?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"ஆனா அன்னைக்கு மழையில ஓடுனா பாத்தியளா, தலைய மூடாம உப்ப மூட ஓடுனா. அது எம் பிள்ளை. யாரும் சொல்லிக் குடுக்காம அவளா ஓடுனது. அதுக்கு மேல நடந்ததெல்லாம் நாமதான். கல்யாணமும் நாம, பிள்ளையும் நாம. நான் கற்கண்டு குடுத்தேனே, அது எனக்கு நானே குடுத்துக்கிட்டது. அவ நடிச்சது மொத நாளு பாத்ததுதான். அந்தப் படந்தான் நல்லாருந்துச்சு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது."

சொல்லிவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்ன இரண்டும் உண்மை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது, இரண்டில் எது ஏறும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலக் காட்சியை ஓட்டத் தவமணி முதலாளிக்குத் துணிச்சல் வரவில்லை. மிஷின் ரிப்பேர் என்று பலகை மாட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் படம் போட்டார்கள். சந்தனமாரி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள், இந்த முறை லூர்தம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு வந்தது, அண்ணன் வந்தான், புஷ்பக்கனி பழைய பாவாடை தாவணியில் கன்னம் நிறையச் சதையோடு அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தலை உதறிச் சிரித்தாள். அண்ணன் ஊருக்குப் போனான். மேகம் திரண்டது. மழை விழுந்ததும் அவள் கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சேறு தெறிக்க, பின்னல் முதுகில் அடிக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். கொட்டகையில் ஒரு குரல், யாருடையதோ தெரியவில்லை, அம்மா என்று மெதுவாகச் சொன்னது. சந்தனமாரி லூர்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இடி அவள் மேலேயே விழுந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. பாதி மூடிய அம்பாரம் மழையில் கரைந்து ஓடியது. அண்ணன் திரும்பி வந்தான், பித்துப் பிடித்து அலைந்தான். அவன் அலைந்ததை யாரும் பார்க்கவில்லை. வணக்கம் போட்ட பிறகும் ஒருவரும் எழவில்லை, கதவைத் திறக்க ஆள் இல்லாமல் இருட்டில் எல்லாரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். கடைசியில் சந்தனமாரியே எழுந்து தட்டுத் தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தாள். உப்பளத்து வெயில் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது.

அவள் வெளியே போய் முற்றத்து மண்ணில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். முதலில் அவள் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் மாதிரி வந்தது, பிறகு அது உடைந்து, ஓடை உடைத்ததுபோல உடைந்து, எம் புஷ்பமே என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அழத் தொடங்கினாள். லூர்தம்மாள் வந்து அவள் தோளில் கை போட்டு உட்கார்ந்தாள். கொட்டகையிலிருந்து வெளியே வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக, தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு முன்னும் பின்னும் ஆடி ஒப்பாரி வைத்தார்கள். ஐப்பசி வெள்ளத்தில் ரோடு அறுந்து போய்ச் சேர முடியாத இழவு வீட்டுக்கு உப்போடைப் பெண்கள் அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். சாயங்காலக் காட்சிக்கு வந்த வெளியூர்ச் சனமும் வரிசையைக் கலைக்காமல், யார் வீட்டுச் சாவு என்று கேட்காமல், அப்படியே நின்றது.

வெயில் தாழ்ந்த பிறகு தவமணி முதலாளி தயங்கித் தயங்கி வந்து குனிந்தார்.

"மாரி, இன்னைக்குக் காட்சி வேண்டாம்னுட்டு பெட்டியைத் திருப்பி அனுப்பிருதேன். என்ன சொல்லுத?"

சந்தனமாரி முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, சிதறிய மயிரை அள்ளி முடிந்தாள்.

"ஓட்டுங்க அண்ணாச்சி. வெயில்ல பாடுபட்டு நடிச்சிருக்கா. நாலு பேரு பாக்கட்டும்."

அவள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம் கையை நீட்டி டிக்கெட்டை வாங்கிக் கிழித்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தாள்.